வானம் பிடிக்கும் கேமரா

மழைமேகம், மின்னல், நட்சத்திரம் ஆகியவற்றைப் படமெடுக்க, பைக்குள் அடங்கும் கேமரா எதை வாங்கலாம்? கடைக்குப் போவதற்கு முன் படிக்க வேண்டிய வழிகாட்டி.

ஆவணியும் புரட்டாசியும் வட தமிழ்நாட்டு வானத்தின் திருவிழாக் காலம். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த வேலூர், ராணிப்பேட்டை, திருப்பதிப் பக்கங்களில் பிற்பகலில் மேகம் திரள ஆரம்பிக்கும். மேற்குக் காற்று அதைக் கரையை நோக்கித் தள்ளும். எதிரே கடற்காற்று வந்து மோதும். போக வழியில்லாத ஈரக்காற்று மேலே எழும்பி, 15 கிலோமீட்டர் உயரம்வரை வெள்ளைக் கோபுரமாக நிற்கும். மாலை ஐந்து மணிக்குச் சென்னையில் ஏதாவது ஒரு மொட்டைமாடியில் ஏறி மேற்கே பார்த்தால், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் அந்த இடிமேகத்தின் தலை தெரியும். இருட்டியதும் அதன் வயிற்றுக்குள் மின்னல் ஓடும்.

இதைப் படமெடுக்கப் பலரும் முதலில் நீட்டுவது கைப்பேசியை. பகல் மேகத்துக்கு அது போதும். மின்னலிலும் நட்சத்திரத்திலும் அது தடுமாறும்போதுதான், 'சின்னதாக ஒரு கேமரா வாங்கிவிடலாமா' என்ற எண்ணம் வருகிறது. கடைக்குப் போனால் பேச்செல்லாம் ஜூம் எத்தனை மடங்கு, மெகாபிக்சல் எத்தனை என்பதாகவே இருக்கும். வானத்துக்கு இவை இரண்டுமே முக்கியம் அல்ல. அகலமான லென்ஸ், பெரிய சென்சார், ஷட்டரைக் கையால் ஆளும் வசதி, மேகம் எழும் நேரத்தில் கையில் இருக்கும் அளவுக்குச் சிறிய உடல். வானம் கேட்பது இந்த நான்கைத்தான். எந்த மாடலை எடுத்தாலும் இந்த நான்கில் வைத்தே எடைபோட வேண்டும்.

எவ்வளவு அகலம் வேண்டும்?

15 கிலோமீட்டர் உயரமுள்ள மேகம் நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், அடிவானத்திலிருந்து சுமார் 8 டிகிரி உயரத்துக்கே தெரியும். அதே மேகம் 40 கிலோமீட்டரில் 20 டிகிரிக்கு எழும். 20 கிலோமீட்டரில் ஏறக்குறைய 37 டிகிரியைப் பிடித்துக்கொள்ளும்.

24 மி.மீ. லென்ஸ் பக்கவாட்டில் 74 டிகிரியையும் மேல்கீழாக 53 டிகிரியையும் காட்டும். ஆகவே, நெருங்கி வரும் மேகத்தை அடிவானத்தோடும் ஊரோடும் சேர்த்துப் பிடிக்க 24 மி.மீ. வேண்டும். தொலைவில் நிற்கும் மேகத்துக்கு 70 முதல் 100 மி.மீ. போதும். 24-70 அல்லது 24-100 என்று எழுதியிருக்கும் கேமரா, இடிமேகத்தின் முழு வாழ்க்கையையும் படமெடுக்கும். அதற்கு மேற்பட்ட ஜூம், நிலாவைப் பெரிதாக்கிப் பார்க்க உதவுமே தவிர மேகத்துக்குத் தேவைப்படாது. நிகான் பி1000 மாடல் 3000 மி.மீ. வரை போகும். ஆனால் அதன் எடை ஒன்றரைக் கிலோவை நெருங்கும். சென்சாரோ மிகச் சிறியது.

சூரியனையோ நிலாவையோ சுற்றி வரும் ஒளிவட்டத்தின் ஆரம் 22 டிகிரி, அதாவது முழு அகலம் 44 டிகிரி. 24 மி.மீ. லென்ஸில் அது முழுசாக அடங்கிவிடும். வானவில்லின் ஆரம் 42 டிகிரி. சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது வில்லின் இரு கால்களுக்கும் இடையே 84 டிகிரி விரிந்திருப்பதால், 24 மி.மீ.யில் இரண்டு காலும் சேர்ந்து விழாது. அந்த நேரத்தில் கைப்பேசியின் 'அல்ட்ரா வைட்' லென்ஸே கைகொடுக்கும். கேமரா வாங்கியபின்னும் கைப்பேசிக்கு வேலை உண்டு.

மெகாபிக்சலைவிட சென்சார்

ஒளியைச் சேகரிக்கும் பரப்புதான் சென்சார். விலை குறைந்த சிறிய கேமராக்களிலும் பெரும்பாலான சூப்பர் ஜூம் கேமராக்களிலும் இருப்பது 1/2.3 அங்குல வகை. அதன் பரப்பு சுமார் 28 சதுர மி.மீ. 1 அங்குல வகையின் அளவு 13.2 × 8.8 மி.மீ.; அதாவது 116 சதுர மி.மீ., நான்கு மடங்கு. அதற்கடுத்து ஃபோர் தேர்ட்ஸ், 225. பெரிய கேமராக்களில் வரும் ஏபிஎஸ்-சி வகை ஏறக்குறைய 367.

இந்த வித்தியாசம் இருட்டில் மட்டும் தெரிவதல்ல. சூரியன் பின்னால் மறைந்திருக்கும் இடிமேகத்தின் விளிம்பு கண்ணைக் கூசும். அடிப்பாகம் கரிக்கட்டையாக இருக்கும். பெரிய சென்சார் இரண்டிலும் விவரத்தைத் தக்கவைக்கும். அதை முழுதாக மீட்க, பதப்படுத்தாத 'ரா' ஃபைலாகச் சேமிக்கும் வசதி வேண்டும். ஜேபெக்கில் வெளுத்துப்போன மேகத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. பகல் மேகத்துக்கு எக்ஸ்போஷரை முக்கால் அல்லது ஒரு படி குறைத்து எடுப்பது நல்ல பழக்கம். அந்திவானத்துக்கு ஒயிட் பேலன்ஸை 'டேலைட்'டில் நிறுத்திவிடுங்கள். ஆட்டோவில் விட்டால், செம்மையைத் தவறு என்று நினைத்து கேமரா அதை வெளிறச் செய்துவிடும்.

மின்னலைத் துரத்த முடியாது; காத்திருக்கலாம்

வில்லியம் ஜென்னிங்ஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1882-இல் ஃபிலடெல்ஃபியாவில் மின்னலைப் படமெடுத்தார். ஓவியர்கள் வரைந்துவந்த கூர்மையான கோணல்மாணல் கோடுபோல உண்மை மின்னல் இருக்காது என்பதைக் காட்டுவதே அவர் நோக்கம். ஆற்றின் கிளைகளாகப் பிரிந்தோடும் அதன் உருவத்தை உலகுக்குக் காட்டிய தொடக்ககாலப் படங்களில் அதுவும் ஒன்று. நம் காலத்தில் புயல் ஆராய்ச்சியாளர் டிம் சமாராஸ், மின்னல் தரையைத் தொடும் கணத்தைப் பிடிப்பதற்காக, அணுகுண்டுச் சோதனைகளைப் பதிவு செய்ய உருவான 700 கிலோவுக்கும் மேற்பட்ட அதிவேக கேமராவை வண்டியில் இழுத்துக்கொண்டு திரிந்தார்.

அவ்வளவு சிரமம் நமக்குத் தேவையில்லை. ஒரு மின்னல் அடித்து அடங்கப் பெரும்பாலும் ஒரு நொடிகூட ஆகாது. கண் பார்த்து, விரல் அழுத்துவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால் ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருப்பதே வழி. கேமராவை டிரைபாடில் நிறுத்தி, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 100-இலும் லென்ஸின் வாயான அப்பர்ச்சரை எஃப் 4 அல்லது 5.6-இலும் வைத்து, பத்துப் பதினைந்து நொடி ஷட்டரைத் திறந்து, படத்துக்கு மேல் படமாக எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தெருவிளக்குகள் பளீரென்று இருக்கும் நகரத்தில் நான்கு முதல் எட்டு நொடி போதும்.

இங்கே புரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. மின்னலின் பிரகாசத்தை ஷட்டர் நேரம் மாற்றாது. அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவுமே மாற்றும். ஷட்டர் நேரம் மாற்றுவது பின்னணியின் வெளிச்சத்தை மட்டும். மின்னல் வெள்ளையாக வெடித்துப்போனால் அப்பர்ச்சரைச் சுருக்குங்கள். ஊர் வெளுத்துப்போனால் ஷட்டர் நேரத்தைக் குறையுங்கள்.

கடையில் கேமராவைக் கையில் வாங்கியதும் நான்கைச் சரிபாருங்கள். ஷட்டர் 30 நொடிவரையாவது திறந்திருக்குமா? மலிவான மாடல்கள் சிலவற்றில் ஒரு நொடி, நான்கு நொடியோடு நின்றுவிடும். மேனுவல் ஃபோகஸ் உண்டா? இருட்டில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். தொலைவிலுள்ள ஒரு விளக்கில் ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றிப் பூட்ட வேண்டும். நீண்ட எக்ஸ்போஷருக்கான 'நாய்ஸ் ரிடக்‌ஷனை' அணைக்க முடியுமா? அது இயங்கினால், 15 நொடிப் படம் ஒன்று எடுத்ததும் அடுத்த 15 நொடி கேமரா தன் வேலையில் மூழ்கிவிடும். நல்ல மின்னலெல்லாம் அந்த இடைவெளியில்தான் அடிக்கும். நான்காவது, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் உள்ளேயே இருக்கிறதா? பகல் மின்னலுக்கு அது அவசியம். சிறிய சென்சாரில் எஃப் 8-க்கு மேல் சுருக்கினால் படம் மழுங்கும் என்பதால், அப்பர்ச்சரைச் சுருக்கி வெளிச்சத்தைக் குறைக்கும் வழி அங்கே சீக்கிரமே அடைபட்டுவிடுகிறது.

அமாவாசை இரவுக்கு ஒரு கணக்கு

நட்சத்திரங்களைப் புள்ளியாகவே பதிவு செய்ய ஒரு பழைய சூத்திரம் உண்டு: 500-ஐ லென்ஸின் மி.மீ. அளவால் வகுத்தால் கிடைப்பது அதிகபட்ச நொடி. 24 மி.மீ. லென்ஸுக்கு 20 நொடி. அதற்கு மேல் போனால் பூமியின் சுழற்சியில் புள்ளிகள் கோடாக இழுபடும். ஆகவே அந்த 20 நொடிக்குள் எவ்வளவு ஒளி உள்ளே வருகிறது என்பதுதான் கேள்வி.

சென்சார் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது; லென்ஸின் வாயும் அகலமாக, அதாவது எஃப் எண் சிறிதாக, இருக்க வேண்டும். ஏபிஎஸ்-சி சென்சாரும் எஃப் 2.8 லென்ஸும் உள்ள கேமராவை, 1 அங்குல சென்சாரும் எஃப் 1.8 லென்ஸும் உள்ள கேமராவோடு ஒப்பிட்டால், சென்சார் பரப்பு மூன்று மடங்கு பெரிது. சேரும் ஒளியைக் கணக்கிட்டாலோ, பெரிய சென்சாரின் முன்னிலை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான். லென்ஸின் எஃப் எண்ணைப் பார்க்காமல் சென்சாரை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்கக் கூடாது.

பால்வழியின் நடுப்பகுதியைப் பிடிக்கத் தமிழ்நாட்டில் சித்திரை முதல் ஆனிவரை நள்ளிரவுக்குப் பிந்தைய நேரம் உகந்தது. 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி நிற்கும் காவலூர் ஜவ்வாதுமலையில்தான் இருக்கிறது. அந்த மலையின் இருட்டு வானம் இன்னும் மிச்சமிருக்கிறது. வட இந்தியாவின் வடகோடியில் இருப்பவர்களுக்கு எட்டாத தென்சிலுவை விண்மீன் கூட்டம் இங்கே சித்திரை, வைகாசியில் தெற்கு அடிவானத்துக்கு மேல் தெளிவாக நிற்கும். தெற்கே மறைப்பில்லாத இடம் கிடைத்தால் போதும்.

யாருக்கு எது?

எல்லாமும் வேண்டும் என்பவர்களுக்கு 1 அங்குல வகை. சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் 3, 5 எண் மாடல்கள் 24-70 மி.மீ., எஃப் 1.8-2.8 லென்ஸோடும் என்டி ஃபில்டரோடும் வருகின்றன. அதே வரிசையின் 7-ஆம் மாடல் 200 மி.மீ. வரை நீளும். ஆனால் லென்ஸ் வாய் எஃப் 2.8-இல்தான் தொடங்குகிறது, என்டி ஃபில்டரும் இல்லை. விலை கூடிய புதிய மாடலைவிட, வானத்துக்குப் பழையதே மேல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 2 மாடலில் 24-100 மி.மீ., எஃப் 1.8-2.8 லென்ஸும் நட்சத்திரத்துக்கென்றே தனி மோடும் உண்டு. இவற்றின் திரை மேல்நோக்கி மடங்கும். கேமரா வானத்தைப் பார்க்கும்போது கழுத்தை ஒடித்துக்கொண்டு குனிய வேண்டாம் என்பது, இரண்டு மணிநேரம் நின்று எடுப்பவர்களுக்குச் சின்ன சலுகை அல்ல.

இரவு வானமே ஆசை என்றால் பானசோனிக் எல்எக்ஸ்100. ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரின் ஒரு பகுதியைத்தான் அது பயன்படுத்துகிறது. ஆனாலும் எஃப் 1.7 லென்ஸோடு சேரும்போது, மேலே சொன்ன ஒளிக்கணக்கில் மற்றவற்றை முந்துகிறது. ஷட்டருக்குத் தனி டயல், அப்பர்ச்சருக்கு லென்ஸிலேயே வளையம் என்பதால் இருட்டில் விரலால் தடவியே அமைத்துவிடலாம். திரை மட்டும் மடங்காது.

எப்போதும் சட்டைப்பையிலேயே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு ரிக்கோ ஜிஆர் 3. 257 கிராம் எடைக்குள் ஏபிஎஸ்-சி சென்சார். 28 மி.மீ. லென்ஸ் மட்டும், ஜூம் கிடையாது. பேட்டரி சீக்கிரம் தீரும். மழையில் நனையக் கூடாது.

மழையோடு மழையாக நிற்பவர்களுக்கு ஒலிம்பஸ் டஃப் டிஜி-6. 15 மீட்டர் ஆழத் தண்ணீரையும் தாங்கும். சென்சார் சிறிய 1/2.3 வகை; முழு மேனுவல் மோடும் இல்லை. ஆனால் 'லைவ் காம்போசிட்' என்ற வசதி உண்டு. முதல் படத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, பிறகு புதிதாக ஒளிர்வதை மட்டும் அதன்மேல் சேர்த்துக்கொண்டே போகும். தெருவிளக்கு வெளுக்காமல் அரைமணிநேர மின்னல்களை ஒரே படத்தில் குவிக்கலாம்.

கையில் பணம் குறைவு என்றாலும் வழி உண்டு. வீட்டு அலமாரியில் பழைய கேனன் பவர்ஷாட் தூங்கிக்கொண்டிருந்தால், அதன் மாடலுக்கு சிஹெச்டிகே என்ற இலவச மென்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். தன்னார்வலர்கள் உருவாக்கிய அது மெமரி கார்டிலிருந்து இயங்கும். கேமராவின் சொந்த மென்பொருளை அழிக்காது. ரா ஃபைல், நீண்ட ஷட்டர் நேரம் இரண்டையும் தருவதோடு, திரையில் ஒளி மாறியதும் தானே படமெடுக்கும் வசதியும் அதில் உண்டு. உலகெங்கும் பலர் மின்னலுக்கு அதைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பழையது வாங்குவோர் கவனத்துக்கு

2010-இல் உலகச் சந்தைக்கு வந்த சிறிய கேமராக்கள் பத்துக் கோடிக்கும் மேல். 2023-இல் அந்த எண்ணிக்கை இருபது லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. கைப்பேசி அந்தச் சந்தையை விழுங்கியதால் பல நல்ல மாடல்களின் தயாரிப்பு நின்றுபோனது. பழையதைத் தேடிப் போவது தவிர்க்க முடியாததாகிவிட்டது.

அப்படி வாங்கும்போது, அப்பர்ச்சரை எஃப் 8-இல் வைத்து வெளியே நீலவானத்தை ஒரு படம் எடுங்கள். சென்சாரில் ஒட்டிய தூசு கரும்புள்ளியாகத் தெரியும். கல்யாணப் படத்தில் மறைந்துவிடும் தூசு வெறும் வானத்தில் மறையாது. ஜூம் லென்ஸ் சைக்கிள் பம்பைப் போல நீண்டு சுருங்கும்போதெல்லாம் காற்றோடு தூசையும் உள்ளிழுக்கும் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. அடுத்து, லென்ஸை மூடிக்கொண்டு 15 நொடிப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்; கோளாறான 'ஹாட் பிக்சல்கள்' வண்ணப் புள்ளிகளாக நிற்கும். கடைசியாக, டார்ச் அடித்து லென்ஸுக்குள் பாருங்கள். நம் கடற்கரை ஊர்களின் ஈரத்தில் பூஞ்சை வளரும். வெள்ளை நூல் படர்ந்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

வாங்கிய பின்னும் ஈரம்தான் எதிரி. காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைத்திருங்கள். ஏசி அறையிலிருந்து புழுக்கத்துக்கு எடுத்துப் போகும்போது, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் மூடி எடுத்துப்போய், கேமரா வெளிச்சூட்டுக்கு வந்தபின் திறந்தால் லென்ஸில் நீர் பூக்காது. கடற்கரையில் எடுத்தால் வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்துவிடுங்கள்.

இடி கேட்டால் உள்ளே

இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னலுக்குப் பலியாகிறார்கள். இடிச்சத்தம் காதில் விழுகிறது என்றாலே, அந்த மேகத்தின் மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று பொருள். மொட்டைமாடி, கடற்கரை, வயல்வெளி, தனிமரத்தடி எல்லாமே ஆபத்து. உலோக டிரைபாடோடு வெட்டவெளியில் நிற்பது அதைவிட ஆபத்து. கடைசி இடிக்குப் பிறகு அரைமணிநேரம் கழித்தே வெளியே வர வேண்டும். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, உங்களைச் சுற்றி மின்னல் அடிப்பதைக் கைப்பேசியிலேயே எச்சரிக்கும். கேமராவோடு சேர்த்து அதையும் வைத்திருங்கள்.

700 கிலோ கேமராவோடு மின்னலைத் தேடிய டிம் சமாராஸ், மிகுந்த எச்சரிக்கைக்காரர் என்று சக ஆய்வாளர்களிடம் பெயரெடுத்தவர். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோவில், நான்கு கிலோமீட்டருக்கும் அதிக அகலத்தில் வந்த சூறாவளியில் அவரும் மகன் பாலும் சகா கார்ல் யங்கும் உயிரிழந்தார்கள். அவ்வளவு அனுபவசாலிக்கே அந்த முடிவு என்றால், நாம் நெருங்கிப் போவதற்கு எந்த நியாயமும் இல்லை.

நல்ல வேளையாக, நல்ல படத்துக்கும் நெருக்கம் தேவையில்லை. தலைக்கு மேல் வந்துவிட்ட இடிமேகம் வெறும் சாம்பல் கூரைதான், உருவம் தெரியாது. இடிச்சத்தம் எட்டாத 40 கிலோமீட்டரில் நிற்கும்போதுதான் அடியிலிருந்து உச்சிவரை முழுக் கோபுரமும், உள்ளே ஓடும் மின்னலும் ஒரே சட்டத்துக்குள் வரும். பாதுகாப்பான தூரமே அழகான தூரம். நெருங்கி வந்துவிட்டால் அறைக்குள் போய், மூடிய ஜன்னல் கண்ணாடி வழியாக எடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டால் பிரதிபலிப்பு விழாது.

படம் எப்போது பதிவாகிறது?

2017 மார்ச்சில் உலக வானிலை அமைப்பு தன் சர்வதேச மேக அட்லஸைப் புதுப்பித்தபோது, கொந்தளிக்கும் கடலைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோல் தோன்றும் 'ஆஸ்பெரிட்டாஸ்' மேக வடிவத்துக்கு அதில் இடம் கிடைத்தது. அதற்கு வழிவகுத்தவை, பல நாடுகளில் சாதாரண மனிதர்கள் எடுத்து மேக ரசிகர் சங்கத்துக்கு அனுப்பிய படங்கள். கனடாவின் ஆல்பர்ட்டாவில் துருவ ஒளியைப் படமெடுத்துவந்த பொழுதுபோக்குக் கலைஞர்களின் படங்கள், விஞ்ஞானிகள் அதுவரை கவனிக்காத 'ஸ்டீவ்' என்ற ஊதாநிற ஒளிப்பட்டையை ஆய்வுக்குக் கொண்டுவந்தன. நம் கொடைக்கானலில் 1899-இல் அமைந்த சூரிய ஆய்வகம், கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எடுத்துச் சேர்த்த சூரியப் படங்கள் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. ஒவ்வொன்றின் மேலும் நாளும் நேரமும் இருப்பதால்தான் அந்தப் பயன்.

ஆகவே கேமரா வாங்கிய அன்றே அதன் கடிகாரத்தை நொடி பிசகாமல் சரிசெய்யுங்கள். படமெடுத்த இடத்தையும் கேமரா பார்த்த திசையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ரா ஃபைலை அழிக்காமல் வையுங்கள். ஒரே மாடியிலிருந்து ஒரே திசையில் ஆண்டுக்கு ஆண்டு எடுத்தால், உங்கள் ஊர் வானத்துக்கு வேறு யாரிடமும் இல்லாத ஒரு வரலாறு சேரும். இந்த மூன்றையும் செய்யாத விலையுயர்ந்த கேமராவைவிட, செய்கிற பழைய பவர்ஷாட் உங்கள் ஊருக்கு அதிகம் பயன்படும்.